பானையும் பருக்கையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள் நம் பெரியவர்கள். சொன்னவர் யாரோ, நிச்சயம் சமைத்துப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும். சமைக்கத் தெரியாத நாம்தான் அந்தப் பழமொழியை அடுக்களைக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்து, கண்ட இடத்தில் எல்லாம் பிரயோகிக்கிறோம். கடைக்காரர் ஒருவர் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால் அந்த ஊரே ஏமாற்றுக்கார ஊர் ஆகிவிடுகிறது. பெண் பார்க்கப் போன வீட்டில் காபி ஆறிப் போயிருந்தால் போதும். அந்தக் குடும்பத்தின் ஏழு தலைமுறைக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார், மாமியாராகப் போகிறவர். ஏன் அம்மா இப்படி என்று கேட்டால், ஒரு சோறு பதம்!

பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பவளை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? எடுப்பதற்கு முன்னால் கரண்டியை அடிவரைக்கும் விட்டு ஒரு தரம் புரட்டிவிடுவாள். மேலாக இருப்பதை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு வடித்தால் அது புது மருமகளின் கைவேலை. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே நெருப்பு, அதற்கு மேல் இந்தப் புரட்டலும் சேர்ந்த பிறகுதான் அந்த ஒற்றைப் பருக்கைக்குப் பானை முழுவதற்கும் பதில் சொல்லும் யோக்கியதை வருகிறது. புரட்டாத பானையில் எடுத்த பருக்கை தன்னைப் பற்றி மட்டும்தான் சாட்சி சொல்லும்.

மண்டிக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். கூரான இரும்புக் குழாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மூட்டையின் வயிற்றில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து என்று குத்தி, குழாயில் வழிந்து வருகிற அரிசியை உள்ளங்கையில் வாங்கிப் பார்க்கிறார். மூட்டையின் வாயருகில் இருக்கும் அரிசியை அவர் தொடுவதே இல்லை. வாயருகில் எப்போதும் நல்ல அரிசிதான் இருக்கும் என்பது அவருக்கு அநுபவ ஞானம்.

இந்தக் காரியத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் சிலர் உண்டு. ஆடிட்டர்கள், தணிக்கைக்காரர்கள். அவர்கள் ஒரு கம்பெனியின் கணக்கில் கையெழுத்துப் போட்டால், ஒவ்வொரு ரசீதையும் ஒவ்வொரு வவுச்சரையும் எடுத்துப் பார்த்து, கூட்டிக் கழித்துச் சரி செய்துவிட்டார்கள் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. ஆயிரத்தில் ஐம்பதையோ நூறையோ எடுத்துப் பார்க்கிறார்கள். மிச்சத்தைப் பார்ப்பதில்லை. இது ரகசியம் ஒன்றும் அல்ல. மாதிரி எடுத்துப் பார்ப்பது எப்படி என்று அவர்களுக்கு விதிமுறையே இருக்கிறது. இந்தியாவில் அந்த விதிக்கு 530 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அறிக்கையிலும் முழு உறுதி என்று எழுதமாட்டார்கள். நியாயமான உறுதி என்றுதான் எழுதுவார்கள். 1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பருத்தி ஆலை வழக்கில், தணிக்கைக்காரன் காவல் நாயைப் போன்றவனே தவிர வேட்டை நாய் அல்ல என்று லோப்ஸ் என்ற நீதிபதி சொன்னார். அதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சௌகரியமான வாசகம் அல்லவா!

என் கணக்கு அறிவு காலேஜில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனது. ஆனாலும் ஒரு சின்னக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். 1000 ரசீதுகள், அவற்றில் 10 பொய் ரசீதுகள். குருட்டாம்போக்கில் 50 ரசீதுகளை உருவுகிறோம். பத்துப் பொய்யில் ஒன்றுகூட நம் கையில் சிக்காமல் போக எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு ஏறத்தாழ 60. அதாவது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் நாம் ஒன்றும் காணாமல் 'எல்லாம் சரி' என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். 300 ரசீதுகளை உருவினால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 3-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இதை வைத்துத்தான் ஆடிட்டர்கள் எத்தனை பார்ப்பது என்று தீர்மானிக்கிறார்கள். பெரிய தொகைகளைத் தனியே பிரித்து அவற்றை ஒன்றுவிடாமல் பார்த்துவிடுவார்கள். சின்னத் தொகைகளுக்குத்தான் இந்தக் குருட்டாம்போக்கு.

குருட்டாம்போக்கு என்ற வார்த்தைக்கு நம் வழக்கில் அவ்வளவு கௌரவம் கிடையாது. ஆனால் இந்தத் தொழிலின் யோக்கியதை முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. நான் போட்ட கணக்கு, எந்த ரசீதைப் பார்க்கப் போகிறார்கள் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாத வரையில்தான் செல்லும். வருஷா வருஷம் முதல் ரசீதில் ஆரம்பித்து இருபதாவது, நாற்பதாவது, அறுபதாவது என்று ஒருவர் பார்த்துக்கொண்டு போனால், மூன்றாம் வருஷத்தில் குமாஸ்தாவுக்கு விஷயம் புரிந்துவிடும். பொய் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கும். இருபதாம் நம்பர் வீட்டில் மட்டும் குடியிருக்காது. தெரிந்தவர்கள் இருபதுக்கு ஒன்று என்று எடுத்தாலும், எந்த எண்ணில் தொடங்குவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

அது இருக்கட்டும். தான் கண்ணால் காணாத ஒன்றுக்கு ஒரு மனிதன் கையெழுத்துப் போடலாமா? தொழில் விதி போடலாம் என்கிறது. மனசாட்சி என்ன சொல்கிறது?

கூட்டுறவுத் தணிக்கையில் இருக்கும் நண்பர் ஒருவர் கொல்லிமலையில் ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்க்கப் போனபோது நானும் கூடவே தொற்றிக்கொண்டேன். ஏதாவது கதை கிடைக்கும் என்ற ஆசைதான். காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்கு இன்னும் எத்தனை என்று எண்ணிக்கொள்ள வசதி. செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துக்கொண்டு போனதாகப் புறநானூறு சொல்கிறது. "அப்படி ஓர் அம்பு கிடைத்தால் எங்கள் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும்" என்றார் நண்பர்.

கொல்லிமலையில் ஊராட்சிகள் 14. எல்லாவற்றுக்கும் நாடு என்றே பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று. ஒரு சிற்றூரிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து பார்த்தால் ஏன் நாடு என்று பெயர் வைத்தார்கள் என்பது கணுக்காலுக்குத் தெரிந்துவிடும்.

சங்கத்தில் உறுப்பினர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். பேரேட்டில் எழுதியிருக்கும் கடன் நிலுவையும் உறுப்பினர் கையில் இருக்கும் பாஸ் புத்தகமும் ஒத்துப் போகின்றனவா என்று அறுபது பேரை நேரில் கண்டு பார்ப்பதாக நண்பர் தீர்மானித்திருந்தார். எண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, காலி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அவளுக்கு ஏக குதூகலம். அறுபதுக்கு மேலும் எடுத்துத் தருவதாகச் சொன்னாள்.

அறுபதில் பெரும்பாலோர் சாலைக்கு அருகில் இருந்தார்கள். இரண்டு நாளில் முடிந்தது. மீந்த சிலரில் ஓர் அம்மாள் இருந்த இடத்துக்கு ஜீப் போகாது. இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். செயலாளர் நல்ல மனிதர். நண்பர் சிரமப்படுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"அங்கே எதுக்கு சார் அலையணும்? அதே தொகை கடன் வாங்கின அம்மா ஒருத்தங்க இதோ சந்தைக்குப் பக்கத்துலேயே இருக்காங்க. அவங்களைப் பார்த்து எழுதிக்கிடுங்களேன்."

"சீட்டிலே இந்த அம்மா பேர்தானே வந்திருக்கு" என்றார் நண்பர். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. மூச்சு வாங்க நின்ற இடத்தில் அவர் விளக்கினார். சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற அம்மாளின் கணக்கில் தவறு இருந்தால் அவள் அன்றைக்கே சங்கத்து வாசலில் வந்து நின்று கேட்டுவிடுவாள். கேட்பாள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அவள் கணக்கில் தவறு நேராது. தவறு என்று ஒன்று இருக்குமானால், வந்து கேட்க முடியாதவர்களுடைய கணக்கில்தான் அது ஒதுங்கியிருக்கும். தூரத்து வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொண்டால், எதைத் தேடிக்கொண்டு மலை ஏறினோமோ அதையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டதாக ஆகும். எண்ணிக்கை மட்டும் அறுபதாகவே இருக்கும்.

ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், நம் வட ஆற்காட்டுக் கிராமங்களிலும் ஆராய்ச்சி செய்தவர், 1983-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் இதைப் பற்றி விரிவாகவே எழுதினார். பட்டணத்திலிருந்து கிராமத்தைப் பார்க்க வருகிற அதிகாரியும் ஆராய்ச்சியாளரும் தார் சாலை போகிற வரைக்கும்தான் போகிறார்கள். சாலை ஓரத்தில் கண்டதை வைத்துக் கிராமத்து ஏழ்மையை அளந்துகொண்டு திரும்புகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. ஏழ்மை மழைக்காலத்தில்தான் அதிகம். வருகிறவர்களோ வெயில் காலத்தில் வருகிறார்கள். இதைப் படித்தபோது எங்கள் தொழிலும் எனக்கு ஞாபகம் வந்தது. கதை எழுதுகிறவர்களும் மலைக்குப் போகிறோம். அருவியையும் அறப்பளீஸ்வரர் கோவிலையும் பார்த்துவிட்டு, சோளக்காட்டுச் சந்தையில் பலாச்சுளை தின்றுகொண்டே நாலு பேரிடம் பேசிவிட்டு இறங்கி வந்து, மலைவாசி என்றால் வெள்ளை உள்ளம் படைத்தவன் என்று ஒரு கதையிலும், மலைவாசி என்றால் முரடன் என்று இன்னொரு கதையிலும் எழுதித் தீர்க்கிறோம். சினிமாக்காரர்களைப் பற்றி நான் சொல்லாமல் இருப்பதே நல்லது.

அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வந்த காரியத்தைச் சொன்னதும் உள்ளே போய், பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி மோட்டுவளையில் செருகியிருந்த பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பேரேட்டில் இருந்தபடியே அதிலும் இருந்தது. ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை. நண்பர் பேனாவால் ஒரு குறி போட்டார். இரண்டு மணி நேர நடைக்கு ஒரு பேனாக் குறி! ஆனால் அவர் முகத்தில் திருப்திக்குக் குறைவில்லை. சரியாக இருப்பதைக் காண்பதும் ஒரு காட்சிதானே.

"இப்படி எத்தனை பேர் வீட்டுக்குப் போறீங்க சாமி?" என்று கேட்டாள் அவள்.

"அறுபது பேரைப் பார்க்கிறோம்மா."

"சங்கத்துலே ஆயிரம் பேருக்கு மேலே இருக்கோமே. மத்தவங்க கணக்கை யாரு பார்ப்பாங்க?"

"அவங்களுக்காகத்தான் உங்க கணக்கைப் பார்க்கிறோம்."

அவள் முறத்தை இரண்டு தரம் தட்டினாள். "எனக்குச் சரியா இருந்தா, அதோ அந்தக் குன்றுமேலே இருக்கிறாளே எங்க சின்னாயி மக, அவளுக்கும் சரியா இருக்குமா?" என்றாள்.

நண்பர் பதில் சொல்லவில்லை. 530-ஆம் விதியில் அதற்குப் பதில் இல்லை என்று நினைக்கிறேன்.

நூற்றுக்கு ஒன்று தவறு என்பது சர்க்காருக்கு ஒரு சிறு பின்னம். அந்த ஒன்றாக இருந்து தொலைக்கிறவளுக்கு அது நூற்றுக்கு நூறு. மாதிரி எடுத்துப் பார்க்கிற முறை சங்கத்தைப் பற்றி உண்மை சொல்லும். சின்னாயி மகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சொல்வதாகப் பாசாங்கு செய்யாமல் இருந்தால் அதில் பாவம் இல்லை. நாம்தான் அந்தப் பாசாங்கை விரும்புகிறோம்.

அப்படியானால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஒரு தரம் பார்த்தார்கள். 2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரைக்கும் நகைக் கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தது. தள்ளுபடி செய்யுமுன் பார்த்தபோது போலி நகைக்குக் கடன், ஒரே ஆளுக்குப் பல சங்கங்களில் கடன் என்றெல்லாம் முறைகேடுகள் வெளிவந்தன. சங்கங்களில் அடகு வைத்த நகைகளை நூற்றுக்கு நூறு சோதிக்கும்படி உத்தரவாயிற்று. ஏறத்தாழ 48 லட்சம் கடன்களை அலசினார்கள். 35 லட்சத்துக்கு மேல் தள்ளுபடிக்குத் தகுதி இல்லை என்று ஒதுங்கின. அத்தனையும் மோசடி என்று நினைத்துவிடக் கூடாது. 5 பவுனுக்கு மேல் வைத்தவர்கள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள் என்று விதியால் விலக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

நகை என்கிறபோது ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் உரசிப் பார்க்கிறார். முழுச் சங்கிலியையும் உரசினால் நகை என்ன ஆவது? ஓரிடத்தில் உரசுவார், அது பெரும்பாலும் கொக்கிக்குப் பக்கமாக இருக்கும். இதை அறிந்தவன் கொக்கியை மட்டும் தங்கத்தில் செய்து, மிச்சத்துக்கு முலாம் பூசிக் கொண்டுவருகிறான். லட்சம் பொட்டலங்களையும் ஒன்றுவிடாமல் அவிழ்த்துப் பார்த்தாலும், ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் மறுபடி ஒரு சோறு பதம்தான். பங்கிலிருந்து முழுமையை ஊகிக்கிற சங்கடத்திலிருந்து மனிதனுக்கு விடுதலை இல்லை போலும். தவிர, மனிதக் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. முதல் பொட்டலத்தைப் பார்த்த கண்ணா ஆயிரமாவது பொட்டலத்தைப் பார்க்கிறது? அறுபதை ஊன்றிப் பார்ப்பவன் காண்பதை, ஆயிரத்தை ஓட்டமாகப் பார்ப்பவன் காணாமல் போவதும் உண்டு. நம்பிக்கை உடைந்த இடத்தில்தான் நூற்றுக்கு நூறு வேண்டியிருக்கிறது.

அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு வேறு ஒரு பக்கத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. 2005-இல் கிராமத்து வேலை உறுதிச் சட்டம் கொண்டுவந்தபோது, அதன் 17-ஆம் பிரிவில் சமூகத் தணிக்கை என்று ஒன்றை வைத்தார்கள். யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி வாங்கினார் என்பதைக் கிராம சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பது. ஒவ்வொருவரும் தன் பெயர் வருகிறபோது தன் கணக்கைத் தானே தணிக்கை செய்துகொள்கிறார். செத்துப்போனவர் பெயரில் கூலி எழுதியிருந்தால் அவருடைய மருமகன் எழுந்து நிற்பான். மத்தவங்க கணக்கை மத்தவங்களே பார்ப்பாங்க, அம்மா! சபைக்கு வர முடிந்தவர்கள் மட்டும். ஓடைக்கு அப்பால் இருப்பவள் அன்றைக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு இறங்கி வர வேண்டும்.

கணக்குக் காட்டுவது, சீட்டுக் குலுக்குவது, இரண்டும் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகள், குடும்புக்கு ஒருவராகக் குடவோலை மூலம் வாரியத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை ஓலையில் எழுதவே கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் எழுதக் கூடாது. சின்னம்மா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் என்று பட்டியல் நீள்கிறது. மாமன் செய்த தப்புக்கு மருமகன் என்ன செய்வான் என்று நம் காலத்து நியாயம் கேட்கும்; அதுவும் ஒரு சோறு பதம்தான், அதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் ஓலை எடுக்கிற விதத்தைப் பாருங்கள். குடத்தைச் சபைக்கு நடுவில் எல்லாரும் பார்க்க வைத்து, ஓலைகளைக் குலைத்து, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அவன் கொடுக்கும் ஓலையை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மூடிய கையில் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா! சபையில் பெரியவர்களும் வேதம் படித்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் தேர்ந்தெடுக்கிற காரியத்துக்கு அவர்களுடைய படிப்பை நம்பவில்லை. குழந்தையின் அறியாமையை நம்பினார்கள். பிஸ்கட் டப்பாவுக்கு முன்னால் அந்தச் சிறுமி நின்றபோது எனக்குக் குடவோலைதான் நினைவுக்கு வந்தது.

ஓடையை மறுபடி கடந்து ஜீப்புக்கு வந்த பிறகு, நண்பர் இருக்கையில் உட்கார்ந்து அறுபது பெயர்களுக்கும் எதிரே எழுதி முடித்தார். பிறகு நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, அந்த அம்மாள் சுட்டிக் காட்டிய குன்றின் பெயரைச் செயலாளரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

"அங்கேயும் போகப் போகிறீர்களா?" என்றேன்.

"போகத்தான் போகிறேன். ஆனால் அது சீட்டில் வந்ததல்ல, நானாகத் தேர்ந்தெடுத்தது. அங்கே தவறு இருந்தால் அந்தத் தவறைச் சொல்லுவேன். சரியாக இருந்தால் அதை வைத்துச் சங்கத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவும் எனக்குப் பாத்தியதை இல்லை. அதனால்தான் தனிப் பக்கம்."

செயலாளர் டிரைவரிடம் விளக்கைப் போடச் சொன்னார். மலையில் சீக்கிரம் இருட்டிவிடுகிறது.